தராசும் பந்தியும்: அன்பு, உண்மை, சாதி குறித்துச் சில குறிப்புகள்

தொப்பம்பட்டிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஓட்டுக் கொட்டகையில் வேதபாடக் கூட்டம். என்னையும் ஒரு விருந்தாளியாக உட்கார வைத்திருந்தார்கள். போதகர் நல்ல மனிதர், சத்தம் போடாமல் பேசுகிறவர். கரும்பலகையில் ஒரு தராசு வரைந்தார். ஒரு தட்டில் 'சத்தியம்', மறு தட்டில் 'அன்பு'. சத்தியம் கூடினால் மனுசன் கல்லாகிவிடுகிறான், அன்பு கூடினால் களிமண்ணாகிவிடுகிறான், விசுவாசியின் வாழ்க்கை இரண்டையும் சமன் செய்வது என்று விளக்கினார். எபேசியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்திலிருந்து ஆதாரம் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு அருந்ததியர் பெரியவர் எழுந்தார். "ஏனுங்க ஐயா, அந்தத் தராசு யாரு கையில இருக்குதுங்க?" என்றார். ஆண்டவர் கையில் என்றார் போதகர். பெரியவர் விடவில்லை. "சரிதானுங்க. ஆனா ஒட்டன்சத்திரம் மண்டிக்குத் தக்காளி கொண்டுக்கிட்டுப் போனா, தராசுக்குப் பின்னால எப்பவும் ஒருத்தரு நிக்கிறாருங்களே. அதத்தான் கேட்டேன்." சிரிப்பு எழுந்தது. போதகரும் சிரித்தார். பாட்டுப் பாடிக் கூட்டம் முடிந்தது.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை வேறு இடங்களுக்கு எடுத்துச் செல்லப் பார்க்கிறது. உண்மையையும் அன்பையும் 'சமன்' செய்வது என்ற பேச்சே எனக்குச் சந்தேகத்துக்குரியதாகப் படுகிறது. தராசு என்ற உருவகம் இரண்டையும் எடைபோடத்தக்க சரக்குகளாக்கி, நிறுக்கிறவரைப் படத்திலிருந்து அகற்றிவிடுகிறது. பவுலின் நிருபத்தில் அப்படி ஒரு தராசு கிடையாது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது ஒரே வினைச்சொல். 'உண்மைத்தல்' என்று நாமே ஒரு சொல்லை உண்டாக்கினால்தான் அதற்குக் கிட்டத்தில் வரும். பேசுவதும் அதில் அடக்கம், நடப்பதும் அடக்கம். அது அன்புக்குள் நடக்க வேண்டும் என்கிறார் பவுல். இரண்டு தட்டு எங்கிருந்து வந்தது?

பவுல் இதைச் செய்து காட்டிய இடம் ஒன்று உண்டு. கலாத்தியர் 2ஆம் அதிகாரம், அந்தியோகியா. விஷயம் சாப்பாடு. பேதுரு புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தவர். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். மற்ற யூதர்களும் பின்னாலேயே போகிறார்கள். பர்னபாவும் போகிறார். பவுல் எல்லோருக்கும் முன்னால், முகத்துக்கு நேரே, பேதுருவைக் கண்டிக்கிறார். தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்தான். அப்படிச் செய்யவில்லை. பந்தியிலிருந்து எழுந்து போனது எல்லோரும் பார்க்க நடந்தது, அதற்கான பதிலும் எல்லோரும் பார்க்கத்தான் நடக்கிறது. கவனிக்க வேண்டியது இன்னொன்று. அங்கே 'சுவிசேஷத்தின் சத்தியம்' என்று பவுல் எதைச் சொல்கிறார்? கோட்பாட்டை அல்ல. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதை.

பிற்காலத் திருச்சபைக்கு இந்தக் காட்சி பெரிய தலைவலி. இரண்டு பெரிய அப்போஸ்தலர்கள் இப்படிச் சண்டை போடலாமா? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் யெரோம், தமக்கு முந்தையவர்களைப் பின்பற்றி, ஒரு வழி சொன்னார்: அது நிஜச் சண்டை அல்ல, சபையின் நன்மைக்காக இருவரும் பேசிவைத்துக்கொண்டு நடித்தது. அகுஸ்தீன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல நோக்கத்துக்காக ஒரு பொய் வேதத்தில் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டால் எந்த வரியை நம்புவது என்று கேட்டுக் கடிதம் எழுதினார். (அந்தக் கடிதம் யெரோமுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் ஊரில் எல்லோரும் படித்துவிட்டார்கள். யெரோமுக்கு வந்த கோபம் இருக்கிறதே!) யெரோமின் வாசிப்பில் 'அன்பு' என்பது பெரியவர்களின் மானத்தைக் காப்பாற்றும் ஒரு ஏற்பாடு. அந்தியோகியாவில் பந்தியிலிருந்து கைவிடப்பட்டவர்கள் அந்த வாசிப்பில் காணாமலே போகிறார்கள். சண்டை நடிப்பு என்றால் அவர்களுடைய அவமானமும் நடிப்பாகிவிடுகிறது அல்லவா? நம்மூர்ச் சபைகளில் இன்றைக்கும் யெரோமின் வாசிப்புதான் செல்லுபடி என்பது என் எண்ணம்.

மதுரைக்கு ராபர்ட் தெ நொபிலி 1606இல் வந்தார். அவருடைய தத்துவ போதகச் சன்னியாசக் கோலத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, அதை விடுவோம். பின்னால் அமைந்த மதுரை மிஷனில் மேல்சாதிக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டார சுவாமி என்ற ஏற்பாடு ஊன்றிவிட்டது. பறையர் வீட்டுக்குள் குரு நுழைவதில்லை. சாகக்கிடக்கும் நோயாளியை வெளியே தூக்கிவர வேண்டும். 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் துர்னோன் 1704இல் இதைத் தடைசெய்து ஆணையிட்டார். வழக்கு ரோமில் 40 ஆண்டு இழுத்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் முடிவாகத் தீர்ப்புச் சொன்னபோது, பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தை பூசுதல் கொடுக்கத்தான் வேண்டும் என்றார். கூடவே, பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை நியமித்துக்கொள்கிறோம் என்ற சேசு சபையாரின் சமரசத்தையும் ஏற்றுக்கொண்டார். உண்மையும் அன்பும் சமன் செய்யப்பட்ட தீர்ப்பு! தராசு துல்லியமாக நின்றது. வீடு மட்டும் தனியாகவே இருந்தது.

திண்டுக்கல்லுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் ஒரு நிலையம் வைத்தது. இந்த அமெரிக்கர்கள் கத்தோலிக்கரின் சமரசத்தையும் பழைய லுத்தரன் சபைகளின் சமரசத்தையும் பார்த்துக் கொதித்தவர்கள். 1847இல் ஒரு சோதனை கொண்டுவந்தார்கள். சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. தாழ்ந்த சாதியார் எனப்பட்டவர் சமைத்ததை, எல்லோரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மறுத்தவர்கள் சபையிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார்கள். சம்பளம் வாங்கும் உபதேசியார்களுக்கு வேலையும் போயிற்று. 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் இதே திசையில் தீர்மானம் போட்டது. இப்படிப்பட்ட பந்திகளுக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: 'அன்பின் விருந்து'.

அன்பின் பேரால் ஒரு உண்மைச் சோதனை. இதைவிடச் சிக்கலான ஒரு காட்சியை நமது கிறிஸ்தவ வரலாற்றில் நான் கண்டதில்லை. இதை எப்படி வாசிப்பது?

எதிர்த்தவர்களின் வாதத்தை முதலில் கேட்போம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர், சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பு, வேளாளர். அங்கே இந்தச் சண்டை இருபது வருஷம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1829இல் அவர் 'சாதி திருத்தலின் பயித்தியம்' எழுதினார். புதிய மிஷனரிகள் செய்யும் கொடுமைகளை அடுக்கினார்: பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துகிறார்கள், சாதிகளைக் கட்டாயமாக ஒன்றாக்குகிறார்கள், கல்யாணத்தில் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள், கோயிலில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள். பூவையும் பாட்டையும் படிக்கும்போது நம் மனம் சாஸ்திரியார் பக்கம் போகிறது. இயல்புதான், வெள்ளைக்காரன் வந்து பாட்டை நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தப் பூமாலைக்குள்ளேதான் சாதியும் கட்டப்பட்டிருக்கிறது. பாட்டுக்காக வரும் கண்ணீரும் பறையரோடு ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க மறுப்பதற்கான கண்ணீரும் ஒரே கண்ணிலிருந்து, 'அன்பில்லாதவர்கள்' என்ற ஒரே குற்றச்சாட்டாக வடிகிறது. பண்பாட்டு அடையாளம் பற்றி இன்று பேசுகிறவர்கள் இந்தப் பிரதியை ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும்.

லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தப் பக்கம் சுற்றியவர், நல்ல தமிழறிஞர். கட்டாயச் சாப்பாடு மனச்சாட்சியின் மீது வன்முறை, சுவிசேஷம் புளித்த மாவு போல மெல்ல உள்ளிருந்து வேலை செய்யட்டும் என்றார். பொறுமையும் அன்பும் போதும் என்பது வாதத்தின் சாரம். மாவு இன்னும் புளித்துக்கொண்டிருக்கிறது. திருச்சி மேலப்புதூரில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த கல்லறைச் சுவரைப் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பின்காலனியக் கோட்பாடு நம் சிறுபத்திரிகைகளுக்குள் வந்த பிறகு, 1847 போன்றவற்றைக் 'காலனிய வன்முறை' என்று ஒரே வீச்சில் எழுதிவிடும் பழக்கமும் வந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேல்சாதி உபதேசியாரின் மனச்சாட்சி நோகக் கூடாது என்று கவலைப்படுகிறவர்கள், காலங்காலமாகத் தனிக்குவளையில் வாங்கிக் குடித்தவரின் மனச்சாட்சியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அமெரிக்கர்கள் கேட்டது சரியான கேள்வி. சாதி விட்டதற்கு அத்தாட்சி பந்தியில்தான் இருக்கிறது என்று கண்டார்களே, அந்தியோகியாவைச் சரியாகப் படித்தவர்கள் அவர்கள்.

அப்படியானால் அதில் எது இடறுகிறது? சோதனை ஒருபக்கமாகவே நடந்தது என்பதுதான். பவுல் கண்டித்தது தனக்கு மேலே இருந்த பேதுருவை. 1847இல் சோதித்தவர்கள் சம்பளம் கொடுத்தவர்கள். துரைமாருடைய சொந்த மேசையில் எந்த உபதேசியார் உட்கார்ந்தார் என்பது அந்தச் சோதனையின் வினாத்தாளில் இல்லை. இன்னும் ஒன்று, இது எனக்கு முக்கியம். சமைத்தவர் அந்த ஏற்பாட்டில் ஒரு சோதனைக் கருவி. லிட்மஸ் தாள் மாதிரி. வேளாளர் சாப்பிட்டால் தேர்ச்சி, சாப்பிடாவிட்டால் தோல்வி. சமைத்தவருக்கு இவர்களோடு உட்காரப் பிரியமா, அவர் என்ன சொல்ல நினைக்கிறார் என்பதற்கெல்லாம் அந்த விருந்தில் இடமே அமைக்கப்படவில்லை. தாழ்த்தப்பட்டவர் உண்மையின் சாட்சிப் பொருளாக இருந்தார், சாட்சியாக இருக்கவில்லை.

இந்த இடத்தில் ஃபூக்கோ உதவுகிறார். 1970களில் அவர் மேய்ப்பர் அதிகாரம் பற்றிப் பேசினார். ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியே அறிந்து, அதன் உள்ளத்தைப் பேசவைத்து, அன்பால் ஆளும் அதிகாரம் அது. பாவசங்கீர்த்தனம் அதன் கருவி. உண்மை கீழேயிருந்து மேலே கறக்கப்படுகிறது. சாவதற்குச் சற்று முன், 1983-84 உரைகளில், அவர் வேறொரு உண்மையைத் தேடிப் போனார். கிரேக்கத்தில் 'பரேசியா'. பேசுகிறவன் தன் பிழைப்பையோ தலையையோ பணயம் வைத்து, தன்னைவிட வலியவனிடம், உள்ளதைச் சொல்வது. புதிய ஏற்பாட்டிலும் இந்தச் சொல் வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிற்கும்போது, 'தைரியம்' என்று நம் வேதாகமம் பெயர்க்கிறதே, அதுதான். ஆக உண்மையில் இரண்டு வகை: கறக்கப்படுவது, துணிந்து சொல்லப்படுவது. எந்த அன்பு எதோடு போகும் என்று அடுத்துக் கேட்க வேண்டும்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. துறவு மடத்திலிருந்து வெளியேறி வந்த ஒரு தலித் பெண் எழுதியது. தலைப்புக்குப் பனங்கருக்கு ஒரு பொருள். இருபுறமும் கருக்குள்ள வாள் என்று எபிரேயர் நிருபம் சொல்வதோடு அதைப் பாமாவே முன்னுரையில் இணைக்கிறார். ஏழ்மை விரதம் எடுத்த கன்னியர் மடத்தின் வசதிகள், பணக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளி, தலித் பெண்ணைக் கண்டதும் மாறும் முகங்கள், எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில் போட்டு உடைக்கிறார். 'கீழ்ப்படிதல்', 'தாழ்ச்சி', 'அன்பு' என்ற மடத்துச் சொற்கள் எப்படி வாயை மூடும் துணியாகின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் நம்மிடம் இல்லை. ஆனால் இதை வெறும் 'அம்பலப்படுத்தல்' என்று வாசித்தவர்கள் பாதிதான் வாசித்தார்கள். அந்தப் பிரதியில் கோபத்துக்குச் சமமாக ஊர்ப் பாசம் இருக்கிறது. பாட்டிமார், சிரிப்பு, பட்டப்பெயர், தீனி. அன்பு இருப்பதால்தான் கத்தி ஆழமாக இறங்குகிறது. அதை அச்சிட்டது யார்? மதுரையில் சேசு சபையார் நடத்திய சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். திருச்சபைக்குள்ளேயே ஒரு மூலையில் சிலர் பவுலை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு பக்கம், ஊரைப் பற்றி எழுதிவிட்டாள் என்று சொந்த ஊரிலேயே கோபம் எழுந்தது. பரேசியாவுக்கு இருபக்கமும் கருக்கு.

திருச்சபையின் இரட்டை நாக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர், 1990இல் பவுத்தர் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் வெளியே. சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்குக் கிறிஸ்தவன் என்பதற்காக மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பிறகும் அதே கடுமையுடன் இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டப்படவில்லை என்றது. அதாவது அவமானத்தை நிரூபி. மீண்டும் கறக்கப்படும் உண்மை. இதை எதிர்த்து ஆயர்கள் டெல்லியில் ஊர்வலம் போகிறார்கள், எங்களுக்குள் சாதி இருக்கிறது என்று அரசிடம் வாக்குமூலம் தருகிறார்கள். நியாயமான போராட்டம், நானும் போயிருக்கிறேன். திரும்பி ஊருக்கு வந்து பங்கில் ஒருவன் அதே வாக்கியத்தைச் சொன்னால், 'கிறிஸ்துவுக்குள் நாம் எல்லோரும் ஒன்று, பிரிவினை பேசாதே, அன்பில் குறைவுபடாதே' என்கிறார்கள். உண்மை டெல்லிக்கு, அன்பு உள்ளூருக்கு!

எறையூர் நினைவிருக்கும். தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டார்கள். 2008 மார்ச் 9இல் போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். தலித்துகள் தனிப்பங்கு கேட்டதைப் 'பிரிவினை' என்று கண்டித்தவர்கள் அதிகம். அதற்கு முன்பு அங்கே இருந்தது என்ன ஐக்கியமா? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாடு கிறிஸ்தவத்துக்கு விரோதமானது என்று நேரே சொன்னார். அதே மாதம்தான் திருச்சியிலிருந்து பிரித்துத் திண்டுக்கல் மறைமாவட்டம் உருவானது. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை எழுத்திலேயே ஒத்துக்கொண்டது. தாளில் வந்துவிட்டது, பங்குப் பேரவைகளில் அது வாசிக்கப்பட்டதா என்று அவரவர் ஊரில் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இதுவரை படித்துவிட்டு நம் தோழர்கள் சந்தோஷப்படுவார்கள். திருச்சபையை அடித்தால் யாருக்குத்தான் இனிக்காது? ஆனால் இந்த நோய் கோயிலோடு நிற்பதில்லை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நடந்ததை யோசித்துப் பாருங்கள். பறையர்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பம். கிறிஸ்தவக் குடும்பம், ஆரோக்கியம் என்று பேர். அவள் மீது செலுத்தப்படும் ஒடுக்குமுறையை நாவல் சொன்னது. தலித் ஒற்றுமை உருவாகிவரும் நேரத்தில் இதை ஏன் எழுத வேண்டும், இது எதிரிக்குத் தீனி என்றார்கள் நம்மில் சிலர். மடத்தில் 'அன்பு' செய்த வேலையை இயக்கத்தில் 'ஒற்றுமை' செய்தது. நாவலின் அழகியல், அரசியல் மீது நியாயமான விமர்சனங்களும் அன்று வந்தன, அவற்றை நான் இதில் சேர்க்கவில்லை. நேரம் பார்த்து உண்மை பேசு என்ற கட்டளையைத்தான் சொல்கிறேன். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோதும் இதே பாட்டுத்தான். பிரித்தாளும் சூழ்ச்சி, ஒற்றுமை போய்விடும் என்றார்கள். பட்டியல் சாதிகளுக்குள் இப்படிப் பிரிப்பது செல்லும் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் பாட்டு நின்றபாடில்லை. ஆரோக்கியம் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை.

கேள்வி அப்படியே இருக்கிறது: உண்மையைச் சொன்னால் உறவு போய்விடும் என்று பயப்படுகிறவர், அந்த உறவில் எந்த இடத்தில் இருக்கிறார்? மேலே இருப்பவர் 'அன்பு வேண்டும்' என்றால், பெரும்பாலும் 'என்னைத் தொந்தரவு செய்யாதே' என்று பொருள். கீழே இருப்பவர் 'உண்மை வேண்டும்' என்றால், பெரும்பாலும் 'என்னோடு வந்து உட்கார்' என்று பொருள். பாமாவின் ஊர்க்காரர்கள் பிறகு அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது இதனோடு வைத்துப் பார்க்க வேண்டிய செய்தி. கருக்கால் கீறப்பட்டவர்கள்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்குத் தொப்பம்பட்டிப் பக்கத்துக் கூட்டம் முடிந்து சாப்பாடு போட்டார்கள். சோறு, பருப்பு, ரசம், முருங்கைக்காய் பொரியல். எனக்கும் போதகருக்கும் உள்ளே மேசையில் வாழை இலை விரித்திருந்தார்கள். பெரியவரும் அவரோடு வந்த நாலைந்து பேரும் வெளியே வேப்பமரத்தடியில் பாக்குமட்டைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெளியே போய் அவரோடு உட்காரலாம் என்று தோன்றியது. இலை போட்ட அம்மா மனசு நோகுமே என்றும் தோன்றியது. ரசத்துக்கு நன்றாக இருந்தது. சாப்பிட்டுக் கைகழுவி வெளியே வந்தபோது பெரியவர் கிளம்பிவிட்டிருந்தார்.